சீட்டுக்கு முன்னே வெட்டிய கிடா

அறுபதுகளின் கடைசியில், எம்.ரெட்டியபட்டிக்குப் பக்கத்திலுள்ள எங்கள் கிராமத்தில் நடந்தது இது. மதுரையில் ஹாஸ்டலில் தங்கி பி.யூ.சி. முடித்திருந்தேன். எங்கள் கல்லூரியிலேயே நான்தான் முதல் மார்க். டாக்டர் படிப்புக்கு மனுப் போட்டேன், இன்டர்வியூவுக்கும் கூப்பிட்டார்கள்.

உள்ளே பெரிய மனிதர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். விலங்கியலில் கேட்பார்கள், வேதியியலில் கேட்பார்கள் என்று மண்டையை உடைத்துக்கொண்டு படித்துப் போயிருந்தேன். ஒருவர், "உங்க ஊர்ல என்ன விளையும்?" என்றார். பருத்தி, கம்பு என்றேன். "சரி, போகலாம்" என்றார். அவ்வளவுதான்!

வெளியே காத்திருந்த அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு ஒரே சந்தோஷம். "மார்க்கைப் பாத்திருப்பாக. அதுக்கு மேல என்னத்தக் கேக்க?" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

சீட்டுக் கிடைத்தால் கிடா வெட்டுவதாகக் கருப்பசாமிக்கு அப்பா நேர்ந்திருந்தார். ஆடி போய், ஆவணியும் பாதி போனது. தபால் வரவில்லை. புரட்டாசி பிறந்துவிட்டால் விதைப்பு. பங்காளிகள் ஒருத்தரும் காட்டை விட்டு வரமாட்டார்கள். "கெடைக்கட்டும்ண்ணே, தையில வெட்டிக்கிருவோம்" என்று சித்தப்பா எவ்வளவோ சொன்னார். அப்பா கேட்டால்தானே! "எம் மக வாங்குன மார்க்குக்கு அவுக எப்படிலே இல்லேம்பாக?" என்று வெட்டியே விட்டார். ஊரே சாப்பிட்டது. பந்தியிலேயே பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு மூட்டுவலிக்கு மருந்து கேட்டார்கள்.

தபால் கடைசிவரை வரவே இல்லை.

அருப்புக்கோட்டைக் கடைக்காரர் மகள் ஒருத்தி என்னோடு படித்தாள். அவளுக்குக் கிடைத்துவிட்டது. என்னைவிட மார்க் குறைவு. வயிறு எரிந்தது, பொய் சொல்வானேன்! அவளே பஸ் ஏறி வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "சத்தியமா நாங்க யாரையும் போய்ப் பாக்கலடி. எங்கிட்டயும் கடையில என்ன விக்கிறீகன்னுதான் கேட்டாக. எனக்கு ஏன் கெடச்சது, உனக்கு ஏன் கெடைக்கலன்னு எனக்கே தெரியல" என்றாள்.

அப்பா மதுரைக்கு, இன்டர்வியூ நடந்த இடத்துக்கே விசாரிக்கப் போனார். பியூன் வாசலைத் தாண்ட விடவில்லை. ஊரிலோ, கறி தின்ற வாயெல்லாம் "ஏத்தா, டாக்டருக்கு எப்பப் போறே?" என்று கேட்டுக் கேட்டே எங்களைக் கொன்றது. அப்பா நாலு பேர் கூடும் இடத்துக்குப் போவதையே விட்டுவிட்டார்.

நான் பி.எஸ்ஸி. படித்து டீச்சரானேன். "இப்ப என்ன குறைஞ்சு போச்சு?" என்பார்கள். குறையவில்லைதான். ஆனால் அப்பா சாகும்வரை, "நாந்தான் தாயி அவசரப்பட்டுட்டேன். சாமி கோவிச்சுக்கிருச்சு" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அதெல்லாம் இல்லையப்பா என்பேன். "பெறகு எதனால?" என்று கேட்பார். எனக்கு எங்கே தெரியும்? சீட்டுக் கிடைக்காததைக்கூட நான் ஆற்றிக்கொண்டேன். ஏன் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் அப்பா அந்தப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு செத்திருக்க மாட்டார் என்பதுதான் இன்றுவரை எனக்கு ஆறவில்லை.