மஞ்சள் தேய்த்த நாடாப்புழு

ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் நான் அட்டெண்டர். அங்கே ஆராய்ச்சி செய்யும் பெண், கெளுத்தி மீனின் குடலில் வாழும் நாடாப்புழுவின் மேல்தோலைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தாள். அந்த வெள்ளிக்கிழமையே புழுவை மருந்தில் ஊறப் போட்டாக வேண்டும். அடுத்த வாரம் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் அவள் முறை. விட்டால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும்.

யாரோ கூப்பிட, புழு கிடந்த கிண்ணத்தை என்னிடம் கொடுத்து, "அக்கா, உப்புத் தண்ணில லேசா கழுவி வைங்க" என்று ஓடினாள்.

மீன் கழுவி மீன் கழுவியே தேய்ந்த கை இது. கேண்டீனில் கல் உப்பும் மஞ்சள்தூளும் வாங்கிவந்து, வழுவழுப்புப் போகத் தேய்த்து வைத்தேன்.

"ஐயோ அக்கா! கொழம்பா வெக்கப் போறோம்? தோலுதானே எனக்கு வேணும்!" அவள் கண் கலங்கிவிட்டது. லேசான உப்புத் தண்ணீர் மேசைமேல் பாட்டிலில் தனியாக இருந்ததாம்.

"அழாத கண்ணு, இதோ வரேன்" என்று சிவாஜிநகர் மீன் மார்க்கெட்டுக்கு ஆட்டோ பிடித்தேன். வெள்ளிக்கிழமையில் மீன்கடை வாசலை மிதிக்காதவள் நான்.

"கெளுத்திக் குடல் மட்டும் குடுங்க பாய். புழு இருக்கறதா பாத்து."

"என் மீன்ல புழுவா? கிராக்கி நிக்கிற நேரத்துல வந்து பேசற பேச்சா இது?" என்று கத்தினார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டு, அப்போதுதான் அறுத்த மீன்களின் குடலைக் கவரில் போட்டுக் கொடுத்தார்.

பிள்ளைகள் வயிற்றிலிருந்து பூச்சி போக வேண்டும் என்று மாரியம்மனை எத்தனையோ முறை கும்பிட்டிருக்கிறேன். பூச்சி கிடைக்க வேண்டும் என்று கும்பிட்டது அன்று ஆட்டோவில்தான். திரும்பி வந்ததும் அவள் குடல்களைக் கீறிப் பார்த்தாள். மூன்று குடலில் ஒன்றுமில்லை. நான்காவதில் இரண்டு நெளிந்தன! இந்தமுறை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

அடுத்த வாரம் மைக்ராஸ்கோப்பில் எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் காட்டினாள். தோல் முழுக்க வெல்வெட்டுத் துணிபோல் பொடிப்பொடி முடி. நாடாப்புழுவுக்கு வாயே கிடையாதாம். அந்த முடித்தோலால்தான் சாப்பாட்டை உறிஞ்சுமாம். வாயில்லாத ஜீவனுக்கும் அம்மா வழி வைத்திருக்கிறாளே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அடுத்த படத்தில் தோல் திட்டுத் திட்டாக வழித்தெடுத்தது போல் இருந்தது.

"இது?"

"நீங்க மஞ்சள் தேச்ச புழு, அக்கா. தூக்கிப் போட மனசு வரல, அதையும் ஊற வெச்சேன். வேண்டுதலுக்கு மொட்டை அடிச்சிட்டீங்க, பாருங்க!"