குடலிறக்கம் என்று சொல்லிப் போன திருச்சிப் பயணம்

அறுபதுகளின் தொடக்கத்தில், ஒரு சித்திரை மாதம், கமலம் அக்காவை லால்குடியிலிருந்து திருச்சிக்கு அழைத்துப் போனேன். தெருவில் சொன்னது ஸ்ரீரங்கம். ஆறு பிள்ளை பெற்றவளுக்குக் கருப்பை இறங்கி, உட்கார்ந்தால் அடியில் தட்டியது. வீட்டில் அதற்குப் பெயர் குடலிறக்கம். குடல் எந்தப் பாவமும் அறியாதது.

பொய் சொல்லக் கூசியதால் முதலில் ஸ்ரீரங்கத்திலேயே இறங்கினோம். பாசஞ்சர் ரயிலில் பத்து மைல்தான். பெருமாளைச் சேவித்துவிட்டு, காவிரிப் பாலம் தாண்டிப் போகும் பஸ்ஸில் ஆஸ்பத்திரி சேர்ந்தோம். பஸ்ஸில் அக்கா நின்றே வந்தாள்.

சீட்டு கொடுப்பவர், "என்னம்மா செய்யுது?" என்றார்.

"குடலிறக்கங்க."

அவர் அனுப்பிய வரிசை முழுக்க ஆண்கள், வேட்டியைப் பிடித்தபடி. ஒருவர் இடம் விட்டு, "பாரம் தூக்கினீங்களாம்மா?" என்றார்.

"ஆறு தூக்கினாங்க" என்றேன். அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

டாக்டர் வயிற்றை அழுத்தி, இருமச் சொல்லி, ஒன்றுமில்லை என்றார். எனக்கும் சரியான சொல் வாயில் வரவில்லை. பி.ஏ.யில் அது பாடமில்லை.

"ஒண்ணுமில்லைன்னுட்டாருல்ல, வாடி, ரயிலைப் பிடிப்போம்" என்றாள் அக்கா.

"அந்த ஒண்ணுமில்லாததோட படி எறங்கு, பாப்போம்."

பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு அவளே எழுந்து பெண்கள் பிரிவுக்கு நடந்தாள். டாக்டரம்மாவிடம், சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "கருப்பை வெளிய வருதுங்க."

"ரப்பர் வளையம் வெச்சுத் தாங்கலாம், அப்பப்ப வந்து மாத்தணும். இன்னும் பிள்ளை வேணும்னா, பையை விட்டுட்டு, நீண்டு தொங்குற அதோட கழுத்தை மட்டும் வெட்டித் தைக்கலாம். இல்லைன்னா கீழ்வழியாவே பையை எடுத்துட்டு, தளர்ந்த தசையை இழுத்துத் தைச்சுடலாம்."

"எடுத்துடுங்க."

"வீட்டுக்காரர் கையெழுத்து வேணுமே?"

"அவரு குடலுக்குத்தான் போடுவாரு."

அத்தான் வந்து போட்டார், எதற்கென்று படிக்காமல்.

இன்று போகிறவர்களுக்கு: வயிற்றில் சிறு துளையிட்டும் செய்கிறார்கள். எது பொருந்தும் என்று டாக்டரைக் கேளுங்கள். உறுப்பின் பெயரை மட்டும் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். திரும்பியதும் சில மாதம் குடம் தூக்கக்கூடாது.

ஆகவே அன்று, அக்கா ஆபரேஷன் முடிந்து வந்ததும், அத்தான் தெருக்குழாய்க்குப் போனார். எதிர்வீட்டுச் செல்லம் வாசலில் மடக்கினாள்: "என்னங்க, நீங்க தண்ணி எடுக்கிறீங்க? அக்காவுக்கு என்ன?"

அத்தான் குடத்தோடு உள்ளே நுழையப் பார்த்தார். உள்ளேயிருந்து அக்கா, "கருப்பை எறங்கிடுச்சு செல்லம், எடுத்தாச்சு" என்றாள்.

செல்லம் உள்ளே வந்தாள். கதவைச் சாத்தினாள். உட்காராமல், குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எத்தனை மணி ரயிலுக்குப் போனீங்க?" என்று கேட்டாள்.