எச்சில் கண்ணாடி

கடலுக்குள் பார்க்கிற கண்ணாடியில் எச்சிலைத் துப்பி, கட்டைவிரலால் தேய்த்து, கடல்தண்ணீரிலேயே அலசிவிட்டுத்தான் போட்டுக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் நம் மூச்சே ஆவியாகப் படிந்து எதிரே ஒன்றும் தெரியாது. நான் பள்ளிக்கூடம் போனது எட்டாம் வகுப்பு வரைதான். அங்கே படித்ததில் பாதி மறந்துவிட்டது. இந்த ஒன்றைப் பத்து வயதில், பாம்பன் பக்கத்துக் கடலில் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்ட கால் மணி நேரத்தில் அதை வைத்து நான் செய்த காரியத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அப்பா அப்போது அத்தை வீட்டு வேனை ஓட்டிக்கொண்டிருந்தார். அத்தை என்றால் அப்பாவின் கூடப்பிறந்த அக்கா. காரைக்குடி செக்காலை ரோட்டில் அவர்களுக்குப் பெயிண்ட் கடை. கடையின் குடோனுக்குப் பின்னால் இருந்த ஓட்டு வீட்டில் நாங்கள் குடியிருந்தோம். வாடகை கிடையாது. அம்மா அத்தை வீட்டில் சமையல் பார்த்தாள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. சோறு தட்டாமல் கிடைத்தது, தீபாவளிக்கு எங்களுக்கும் சேர்த்துத்தான் துணி எடுத்தார்கள். ஆனால் அம்மா தனக்கென்று வாய்திறந்து எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அத்தையும் மறுத்ததில்லை. கேட்டால்தானே மறுப்பதற்கு.

அத்தையின் மகன், எனக்கு அத்தான், மால்டா என்கிற தீவில் ஓட்டல் சமையலறையில் வேலை பார்த்தார். அந்த வருஷம் லீவில் வந்திருந்தார். கல்யாணம் தள்ளிப் போய்க்கொண்டே இருந்ததால், ஜாதகத்தில் தோஷம் என்று ஜோசியர் சொல்லி, ராமேஸ்வரம் போய்த் தீர்த்தமாடி வருவது என்று அத்தை முடிவு செய்தார். கடையைப் பார்த்துக்கொள்ள மாமா இருந்துகொண்டார். வேன் ஓட்ட அப்பா, கட்டுச்சோறு கட்டவும் ஈரத்துணி பிழியவும் அம்மா. என்னைத் தனியே விட முடியாது என்பதால் நானும்.

போகிற வழியில் அத்தான் தன் செல்போனில் படங்கள் காட்டினார். ஓட்டலுக்கு எதிரே இருக்கும் கடற்கரையிலிருந்து வெள்ளைக்காரர்களைப் படகில் ஏற்றிப்போய், கண்ணாடியும் குழாயும் மாட்டித் தண்ணீருக்குள் மீன் பார்க்க விடுவார்களாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரும் போயிருந்தார். நீலத் தண்ணீர், வரிவரியாக மீன்கள், நடுவில் அத்தானின் கால். அத்தானுக்கு அத்தை முறையான என் அம்மா அந்தப் படத்தை வாங்கிப் பார்த்தாள். கொடுத்துவிட்டு மறுபடியும் கேட்டு வாங்கிப் பார்த்தாள்.

"நெசமாவே இது தண்ணிக்குள்ளயா தம்பி?"

"தண்ணிக்குள்ளதான் அத்தை. இதுக்கு வெள்ளைக்காரன் ஏரோப்பிளேன் ஏறி வர்றான். நமக்குப் பாம்பன்லயே இருக்கு. சாமி கும்பிட்டு வரும்போது பார்த்துட்டு வருவோம்."

முன்சீட்டில் இருந்த அத்தைக்கு இதில் இஷ்டமில்லை. இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிய உடம்போடு மறுபடி கடலில் இறங்கக் கூடாது என்றார். கடலும் தீர்த்தம்தானே என்று அத்தான் மடக்கினார். மகன் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் வருகிறான். அத்தை வாயை மூடிக்கொண்டார்.

மதியத்துக்கு மேல் அந்தக் கரைக்குப் போனோம். சின்ன மோட்டார் படகு. ஓட்டியவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கூட வந்தது அவருடைய தங்கை. மற்ற நாட்களில் கடலில் முங்கிப் பாசி எடுத்து விற்கிறவர், வெளியூர் ஆட்கள் வந்தால் தண்ணீருக்குள் இறக்கிக் காட்டுவார் என்றார்கள். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்டிருந்தார். அந்த அக்கா எங்கள் எல்லோருக்கும் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை மாட்டிவிட்டார். கண்ணாடியும் குழாயும் இரண்டு ஜோடிதான் இருந்தன. ஒன்றை அத்தான் எடுத்துக்கொண்டார். மற்றதில் யார் யார் பார்ப்பது என்று கேட்டபோது அத்தை தலையை ஆட்டிவிட்டார். அப்பா, வண்டி ஓட்டணும், தலை நனையக் கூடாது என்றார். நான் கையைத் தூக்கினேன்.

அப்போதுதான் அம்மா கேட்டாள். "மதினி, நானும் ஒரு தடவ பார்த்துட்டு வந்துறவா?"

அப்பா அத்தையைப் பார்த்தார். அத்தை அம்மாவைப் பார்த்தார்.

"ஒனக்கெதுக்கும்மா இந்த வேலையெல்லாம்?" என்றார். பிறகு என்ன தோன்றியதோ, "சரி, போ. வந்தது வந்தாச்சு. சேலைய நல்லாச் சொருகிக்க."

அம்மா சிரித்தாள். சேலையை அந்த நிமிஷமே சொருக ஆரம்பித்துவிட்டாள். படகு கரையைவிட்டே கிளம்பவில்லை.

கால் மணி நேர ஓட்டத்தில் ஒரு திட்டு வந்தது. அங்கே தண்ணீர் அத்தானுக்கு மார்பளவு, எனக்குக் கழுத்தளவு. அத்தான் தன் அம்மாவுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, கண்ணாடிக்குள் சத்தமில்லாமல் துப்பித் தேய்த்து, குதித்துப் போய்விட்டார். அவர் என்ன செய்கிறார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

அந்த அக்கா முதலில் இறங்கி, என்னைத் தூக்கித் தண்ணீரில் விட்டார். அத்தை குடையை விரித்துக்கொண்டு, அப்பாவோடு படகின் மறுபக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார். பிறகு கண்ணாடிக்குள் துப்பினார். நான் முகத்தைச் சுளித்தேன்.

"என்னய்யா மூஞ்சி கோணுது? துப்பாட்டி ஆவி புடிச்சுக்கிரும். எங்க ஆத்தா எனக்குத் துப்பித் தந்துச்சு, நான் எம் மகளுக்குத் துப்பித் தாரேன். வேணும்னா நீயே துப்பிக்க."

பயத்தில் என் வாயில் எச்சிலே இல்லை. இரண்டு தடவை முயன்று பார்த்துவிட்டு, "நீங்களே துப்புங்க" என்று நான்தான் சொன்னேன். அவர் சிரித்தார். அலசி மாட்டிவிட்டார். குழாயைப் பல்லால் கடிக்கச் சொல்லி, என் வயிற்றுக்கடியில் கையைக் கொடுத்து என்னைத் தண்ணீர்மேல் படுக்க வைத்தார்.

உள்ளே பார்த்ததைச் சொல்ல எனக்குச் சாமர்த்தியம் போதாது. காலிஃபிளவர் மாதிரி பழுப்பாக ஒரு பாறை. அதன் இடுக்கிலிருந்து மஞ்சளும் கறுப்புமாக ஏழெட்டு மீன்கள் வந்து என்னைப் பார்த்துவிட்டு, இவன் ஒன்றும் பெரிய ஆள் இல்லை என்பது போலத் திரும்பிப் போயின. தரையில் ஒரு கடல் அட்டை சும்மா கிடந்தது. என் மூச்சு என் காதுக்குள் கேட்டது. அடுத்தவர் வீட்டில் இருக்கிறோம், பார்த்து நடக்க வேண்டும் என்று இல்லாத ஓர் இடத்தில் நான் முதல்முதலாக இருந்தேன். அப்போது அப்படி நினைக்கவில்லை. இன்னும் இன்னும் வேண்டும் என்று மட்டும் இருந்தது.

முதுகில் தட்டினார்கள். தலையைத் தூக்கினேன். "போதும்யா. ஒங்கம்மாவும் பார்க்கட்டும். நேரமாகுதுன்னு அண்ணன் சொல்லுது."

அம்மா ஏற்கெனவே ஏணிவழியே இறங்கி, படகின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மிதவைச் சட்டை தாடைவரை எழும்பியிருந்தது. முகத்தில் தண்ணீர் பட்டதும் அவள் என் வகுப்புப் பிள்ளைகளில் ஒருத்தி மாதிரி இருந்தாள். இன்னும் எத்தனை நேரம் என்று படகுக்காரரைக் கேட்டேன். பத்து நிமிஷம் என்றார். அம்மா பார்த்து முடித்தால் பத்து நிமிஷமும் போய்விடும்.

அந்த அக்கா என்னைப் படகில் ஏற்றிவிட்டு, என்னிடமிருந்து கண்ணாடியை வாங்கி, துப்பி, தேய்த்து, அலசினார். அம்மா கையை நீட்டினாள்.

"அத்தை, அவங்க அந்தக் கண்ணாடியில எச்சியத் துப்புறாங்க."

நான் இதை அம்மாவிடம் சொல்லவில்லை. அப்பாவிடமும் சொல்லவில்லை. யாரிடம் சொன்னால் காரியம் நடக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

அத்தை குடையை மடக்கினார். "என்னடா சொல்ற?"

"ஆமாத்தா, அப்படித்தான் செய்யணும்" என்றார் அந்த அக்கா, சிரிப்பு மாறாமல். "அலசிட்டுத்தான் குடுக்கேன்."

"எச்சியத் துப்பி எங்க வீட்டாளு மூஞ்சில மாட்டுறியா? காலையிலதான் இருபத்திரண்டு தீர்த்தம் ஆடிட்டு வாரோம்."

"கடல்தண்ணி ஆத்தா. இதுல அலசுனதுக்கப்புறம் ஏது எச்சி?"

அத்தை அப்பாவிடம் திரும்பினார். "நீ என்னப்பா பார்த்துக்கிட்டு ஒக்காந்திருக்க?"

அப்பா எழுந்தார். படகு ஆடியது. அப்பா சத்தம் போடுகிற ஆள் இல்லை. அன்றைக்குப் போட்டார். சொன்னதில் ஒரு சொல் அந்த அக்காவின் பிறப்பைப் பற்றியது. அதை எழுத மாட்டேன். "அண்ணே, வார்த்தைய விடாதீக" என்று படகுக்காரர் எஞ்சின் பக்கமிருந்து எழுந்து வந்தார்.

அந்த அக்கா என்னைப் பார்த்தார். "தம்பி, நீ சொல்லுய்யா. ஒனக்கும் இப்படித்தானே செஞ்சு தந்தேன்? ஒன்னக் கேட்டுக்கிட்டுத்தானே துப்புனேன்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆமாம் என்றால் நானும் எச்சில் பட்டவன். அத்தை என்னை எதைப் போட்டுத் தேய்ப்பாரோ, அவர்கள் வீட்டு அடுப்படிக்குள் விடுவாரோ மாட்டாரோ. இன்னொன்றும் இருந்தது. இந்தச் சண்டை ஓய்ந்த பிறகு மிச்ச நேரத்தில் என்னை மறுபடி இறக்கிவிடுவார்கள் என்று அப்போதும் நம்பிக்கொண்டிருந்தேன்.

"எனக்குத் துப்பலை. எனக்கு வெறும் தண்ணியிலதான் கழுவிக் குடுத்தாங்க."

அதற்கு அர்த்தம், என் அம்மாவுக்கு மட்டும் வேண்டுமென்றே துப்பினார் என்பது. சொன்ன பிறகுதான் அது எனக்கே தெரிந்தது. அந்த அக்கா என்னைத் திட்டவில்லை. கண்ணாடியை இன்னொரு தடவை அலசி, படகிலிருந்த வாளிக்குள் போட்டார்.

அந்த நேரத்தில் அத்தான் படகுக்கு அந்தப் பக்கம் எழும்பினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எல்லாவற்றையும் கேட்டார்.

"ஏன்டா தம்பி, அங்குட்டெல்லாம் இப்படியா செய்வாக?" என்று அத்தை கேட்டார்.

அத்தான் மூக்கைச் சிந்தினார். "இல்லம்மா. அங்க மெசின்ல கழுவித் தருவாங்க."

"ஏறு மேல" என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். நனைந்த சேலையோடு ஏணியில் கால் எழும்பவில்லை. மேலிருந்து யாரும் கை கொடுக்கவில்லை. அந்த அக்காதான் கீழே நின்று அம்மாவின் முழங்கையைத் தாங்கி ஏற்றிவிட்டார்.

யாரும் மறுபடி இறங்கவில்லை. படகு திரும்பியது.

கரையில் இன்னொரு குடும்பம் மிதவைச் சட்டையெல்லாம் மாட்டிக்கொண்டு காத்திருந்தது. மதுரைப் பக்கத்து ஆட்கள். அத்தை இறங்கியதும் நேரே அவர்களிடம் போய்ச் சொன்னார். அந்த வீட்டுப் பெண் தன் பிள்ளையின் சட்டையைக் கழற்ற ஆரம்பித்தாள். அவர்கள் வண்டி எங்கள் வண்டிக்கு முன்னாலேயே போய்விட்டது. அந்த அக்கா வாளியோடு நின்றுகொண்டிருந்தார். நான் வேனின் மறுபக்கம் சுற்றிப் போய் ஏறினேன்.

பதினான்கு வருஷம் கழித்து, திருப்பூர், கோவா, துபாய் என்று எங்கேயும் நிலைக்காமல் சுற்றிவிட்டு, அத்தான் பிடித்துக் கொடுத்த வேலையில் நானும் மால்டாவில் ஒரு கோடைகாலம் இருந்தேன். கடற்கரையில் நாற்காலி சுமப்பது, படகில் போய்வருகிறவர்களின் கண்ணாடிகளை வாளியில் அலசி வைப்பது. முதல் நாளே ஒரு வெள்ளைக்காரத் தாய் தன் மகளின் கண்ணாடியில் துப்பி, தேய்த்து, மாட்டிவிட்டதைப் பார்த்தேன். அடுத்து நின்றவர் அதே கண்ணாடியை வாங்கி அவரும் துப்பினார். மெஷின் எதுவும் இல்லை. அன்று சாயங்காலம் அத்தானிடம் இதைச் சொன்னேன். அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். "அம்மாவ எதுத்துப் பேச முடியுமாடா" என்றார். மேற்கொண்டு கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

அன்றைக்கு வேனில் அம்மாவும் நானும் கடைசிச் சீட்டில் இருந்தோம். சீட் நனையாமல் இருக்க அம்மா துண்டை விரித்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். முன்னால் அத்தை இன்னும் பேசிக்கொண்டிருந்தார். அப்பா ஒவ்வொன்றுக்கும் "ஆமாக்கா" சொன்னார். ராமநாதபுரம் தாண்டிய பிறகு அம்மா, முந்தானையைப் பிழிந்துகொண்டே, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"ஒனக்குத் துப்புனப்பவே நான் பார்த்தேன்யா."

என் பொய் அவளுக்குத் தெரியும். அதை மறைக்க நினைத்து, "பின்ன ஏம்மா மாட்டிக்கப் போன?" என்று கேட்டேன்.

"அதுவரைக்கும் யாரும் வாய்விட்டுச் சொல்லலைல்ல. அதான்."

நான் அதைத் திருப்பித் திருப்பி யோசித்துப் பார்த்தேன். தெரிந்தே வாங்கப் போயிருக்கிறாள் என்றால் தப்பில் பாதி அவளுடையதுதான் என்று பட்டது. அது பெரிய ஆறுதலாக இருந்தது. ஈரச் சேலை மேலே படாமல் தள்ளி உட்கார்ந்து, ஜன்னலில் தலையைச் சாய்த்து, தேவிபட்டினம் வருவதற்குள் தூங்கிப் போனேன்.