வெங்காயத்தாமரைக் கரி

திருத்துறைப்பூண்டிக்கு மேற்கே, வாய்க்காலின் கடைமடையில் பண்ணையாள் இராஜாங்கத்துக்கு ஒரு ஏக்கர் நிலம் கிடைத்தது. உச்சவரம்புச் சட்டத்தில் மிராசுதார் பட்டாபிராமனிடமிருந்து எடுத்து அரசாங்கம் கொடுத்தது. பட்டா கைக்கு வந்த அன்றே, இனி அந்த மனுஷர் வயலில் அரிவாள் வைக்கமாட்டேன் என்று தெருவில் நின்று சொல்லிவிட்டார். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் காலமெல்லாம் பண்ணையாளாகக் கிடந்தவருக்கு அதைச் சொல்லாமல் இருப்பது கஷ்டம்தான்.

பட்டாபிராமனும் சும்மா இருக்கவில்லை. தன் தோப்பில் தெருக்காரர் யாரும் சுள்ளி பொறுக்கக் கூடாது என்றார். ரேஷன் மண்ணெண்ணெய் விளக்குக்கே காணாது. அடுப்புக்கு என்ன செய்வதென்று தெரு கையைப் பிசைந்தபோது இராஜாங்கம் வாய்க்காலைப் பார்த்தார். கரைக்குக் கரை தண்ணீரை மூடி மிதந்தது வெங்காயத்தாமரைக் களை. மாடுகூட முகத்தைத் திருப்பிக்கொள்ளும் சனியன் அது.

கூலிப் போராட்டத்து வருஷத்தில் உள்ளூரில் வேலை கிடைக்காமல், வேதாரண்யம் பக்கம் கருவேலங்கரி மூட்டம் போடப் போயிருந்தவர் அவர். அந்தக் கைப்பழக்கத்தில், தாமரையைச் சருகாகக் காயவைத்துப் பழைய தார் பீப்பாயில் திணித்தார். புகை போக ஒரு துளை விட்டு, மூடியைச் சேறு பூசி அடைத்து, அடியில் தீ மூட்டினார். அவசரப்பட்டுத் திறந்த முதல் பீப்பாய் சாம்பலானது. அடுத்ததை ஆறவிட்டுத் திறந்தார், கரி. அந்தத் தூளை வடிகஞ்சி விட்டுப் பிசைந்து உருண்டை பிடித்தால் புகையில்லாமல் நின்று எரிந்தது. மனைவி நீலாம்பாள் அதில் உலை வைத்ததைத் தெருவே வந்து பார்த்தது. இராஜாங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை.

மேட்டூர்த் தண்ணீர் வருமுன் அவரவர் வயலை ஒட்டிய வாய்க்காலில் மண்டியதை அவரவர் அரித்தெடுத்துவிடுவது ஊர் முறை. இராஜாங்கமும் இறங்கினார். ஆனால் மதகுக்கு மேல்புறம் ஒரு பாய் அகலத்துக்குத் தாமரையை விட்டு, கயிறு கட்டி நிறுத்தினார். விதைக்கு எடுத்து வைக்காதவன் என்ன விவசாயி என்பது அவர் நியாயம். நீலாம்பாள் வேண்டாம் என்றுதான் சொன்னாள். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை அது.

நடவு முடிவதற்குள் அந்தப் பாய் வாய்க்கால் முழுக்கப் பரவிவிட்டது. மழையும் ஆற்றுத் தண்ணீரும் சேர்ந்து வந்தபோது கயிறு அறுந்து, மொத்தமும் மதகுக் கண்ணை அடைத்தது. தண்ணீர் எதிர்த்து ஏறிப் பக்கத்துப் பள்ள வயலில் நின்றது. அது இராஜாங்கத்தின் வயல். தெருவே கூடி அடைப்பை வெட்டி எடுப்பதற்குள் பயிர் அழுகிவிட்டது. மறுநடவுக்கு யாரிடமும் நாற்று இல்லை. யாரும் அவரைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலாம் என்று இருந்திருக்கும்.

தை பிறந்ததும் பட்டாபிராமன் வயலில் அறுப்பு தொடங்கியது. நெல்லாகவே கூலி. இராஜாங்கத்தின் வீட்டு மூலையில், மதகிலிருந்து எடுத்த தாமரையெல்லாம் கரித்தூளாகக் குவிந்து கிடந்தது. உருண்டை பிடிக்கலாம், கஞ்சி எடுத்து வா என்றார்.

"கஞ்சிக்கு அரிசி வேணுங்க," என்றாள் நீலாம்பாள்.

அவர் கூரையில் செருகியிருந்த அரிவாளை உருவிக்கொண்டு பட்டாபிராமன் வயலுக்குப் போனார்.