இடைவேளையில் என் மகள் முகம்

தர்மம் செய்கிறவர்களைக் கண்டால் கும்பிடத்தான் தோன்றும் எனக்கு. அது ஒரு காலம்.

என் மகளுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பிரெய்ல் கற்றுத்தரும் சங்கம் ஒன்று கோவில்பட்டியில் இருந்தது. பாடம் நடத்த விவரம் தேவை என்று அதன் செயலாளர் கேட்டதால், நான் தாய்மாமனைக் கட்டியதிலிருந்து மகளுக்கு வரும் வலிப்பு வரை எல்லாம் சொன்னேன். அவள் போட்டோவும் கொடுத்தேன்.

பிறகொரு நாள், பாட்டுக் கேட்க ஆசைப்பட்டாளே என்று அவளைச் சினிமாவுக்குக் கூட்டிப்போனேன். இடைவேளையில், உர விளம்பரச் சிலைடை அடுத்துத் திரையில் அவள் முகம்! கீழே பெயர், ஊர், வலிப்பு. எல்லாவற்றையும்விடப் பெரிய எழுத்தில் செயலாளர் பெயர்.

"ஏட்டி, அந்தப் பிள்ள இங்கனதான் இருக்கு!" என்றாள் பின்னாலிருந்த ஒருத்தி.

"எம்மா, யாரைச் சொல்லுதாவ?" என்று கேட்டாள் என் மகள்.

மறுநாள் அந்தத் தர்மப்பிரபுவிடம் போனேன்.

"விளம்பரம் போட்டாத்தானம்மா நன்கொடை வரும். பிள்ளைக்குத்தான் கண்ணு தெரியாதே, அது பாக்கவா போவுது?" என்றார்.

"உங்களுக்கு என்ன வியாதின்னு சொல்லுங்க அண்ணாச்சி. நானும் ஒரு சிலைடு போடுதேன்."

அவர் ஆளையே அனுப்பி அந்தக் கண்ணாடிச் சிலைடைத் தியேட்டரிலிருந்து வரவழைத்து, அவர் வாசலிலேயே போட்டு உடைத்துவிட்டுத்தான் வந்தேன்.

இப்போதெல்லாம் உதவ வருகிறவர்கள் எதைக் கேட்டாலும், "இதை யாருக்குக் காட்டப் போறீங்க?" என்றுதான் முதலில் கேட்கிறேன். பாதிப் பேர், நான் கொடுத்த காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போய்விடுகிறார்கள்.