முதலமைச்சர்கள் படம் அச்சாகும் ஊரில் இரண்டு நாள்

என் வகுப்பறைச் சுவரில் தொங்கும் படம் பொய் சொல்கிறது. ஏன் என்று கேட்கத்தான் சிவகாசிக்குப் போனேன்.

திருச்சியில் எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். 'தமிழ்நாட்டு முதலமைச்சர்கள்' என்ற சார்ட்டை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வரிசையாகச் சிரித்த முகங்கள், கீழே பெயர், ஆண்டு. ஒருவர் எழுந்த சூட்டோடு அடுத்தவர் உட்கார்ந்துவிட்டது போல இருக்கும். நடுவில் ஆளுநர் ஆட்சி வந்ததெல்லாம் அதில் கிடையாது. ஒரு மாதம்கூட முழுதாக ஆளாதவர் நம் முதல் பெண் முதலமைச்சர், அவரும் கிடையாது. அச்சடிக்கும் கம்பெனிக்கு இரண்டு முறை போன் செய்தேன். "மார்க்கெட்ல இதான் டீச்சர் ஓடுது" என்று வைத்துவிட்டார்கள். என்னிடம் அப்படிப் போனை வைக்கக் கூடாது. ஓட்டுப்பதிவு முடிந்து எண்ணிக்கைக்கு நாடே காத்திருந்த வாரம், பள்ளிக்கும் விடுமுறை. இந்த வெயிலில் விருதுநகர்ப் பக்கம் போவார்களா என்று வீட்டில் கேட்டார்கள். போவார்கள், நான் போனேன்.

திருச்சியிலிருந்து காலை ரயிலில் விருதுநகருக்கு ஏறக்குறைய மூன்றரை மணி நேரம். ரயிலடியில் இருந்து ஆட்டோவுக்கு அறுபது ரூபாய் கொடுத்து, இந்த ஊரில் பிறந்து முதலமைச்சரான ஒருவரின் நினைவில்லத்துக்குப் போனேன். யார் என்று எழுதப் போவதில்லை, உங்களுக்கே தெரியும். சின்ன வீடு. அரை மணி நேரம் போதும். அவருடைய எளிமையைப் பற்றி ஒரு குடும்பம் உள்ளே நின்று மாற்றி மாற்றிக் கதை சொல்லிக்கொண்டிருந்தது. எனக்கு இதில் ஒரு சலிப்பு உண்டு. முதலமைச்சர் என்றால் என்ன சாப்பிட்டார், எத்தனை வேட்டி வைத்திருந்தார் என்றே பேசுகிறோம். அந்தப் பதவி என்ன செய்ய முடியும், என்ன செய்யத் தவறும் என்று பேசுவதில்லை. சட்டப்படி அவர் அமைச்சரவையின் தலைவர். ஆளுநர் பெயரில் ஆணை வரும். முடிவும் பொறுப்பும் இவருடையவை. வேட்டிக் கணக்கு அதற்குப் பிறகுதான்.

பழைய பேருந்து நிலையத்திலிருந்து சிவகாசிக்குப் பேருந்து அடிக்கடி உண்டு. இருபத்தைந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. ஆமத்தூர் வழியாக நின்று நின்று போனதில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஜன்னலோரம் உட்காராதீர்கள், கம்பி சுடுகிறது.

அச்சகம் பேருந்து நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். முதலாளிக்கு ஐம்பது வயது இருக்கும். எல்லோரும் அண்ணாச்சி என்றே கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். போனை வைத்தவர் அவர்தான். நேரில் பார்த்ததும் கலர் சோடா வாங்கிக் கொடுத்து உட்காரவைத்தார். சண்டைக்கு வந்தவளுக்குக் கலர் கொடுத்தால் சண்டையின் வேகம் பாதி குறைந்துவிடுகிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

மேஜை மேல் இந்த வருடத்து சார்ட் கட்டுக்கட்டாக இருந்தது. கடைசிக் கட்டம் மட்டும் வெள்ளை. இது இங்கே வழக்கமாம். பள்ளி திறப்பதற்குள் சரக்கு கடைக்குப் போயாக வேண்டும். தேர்தல் முடிவோ மே மாதத்தில்தான் வரும். அதனால் மற்றதை எல்லாம் முன்பே அச்சில் ஓட்டிக் காயவைத்துவிட்டு, எண்ணி முடித்த அன்று மாலையே அந்த ஒரு கட்டத்தை மட்டும் மறுபடி மெஷினில் ஏற்றுவார்கள்.

"ஜெயிக்கிற முகத்தை மட்டும் ஒட்டிருவோம்" என்றார் அண்ணாச்சி.

"இதற்கு மட்டும் காலிக் கட்டம் விடத் தெரிகிறதே! ஆளுநர் ஆட்சிக்கு ஏன் விடவில்லை?"

"நடுவுல வெள்ளையா விட்டா மிஸ்பிரிண்டுன்னு ரிட்டன் அனுப்பிருவாக, டீச்சரம்மா."

நான் விடவில்லை. வெள்ளைக்காரன் காலத்து இரட்டை ஆட்சியில் ஆளுநர் போலீசையும் நிதியையும் தன் கையில் வைத்துக்கொண்டு, கல்வி, சுகாதாரம் போன்றவற்றை மட்டும் நம் ஆட்களிடம் தள்ளியதைச் சொன்னேன். பிறகு மாகாண அமைச்சரவையின் தலைவரைப் பிரதமர் என்றே அழைத்ததை, போர்க்காலத்தில் அமைச்சரவை விலகியபின் ஆறு வருடத்துக்கு மேல் ஆளுநரே ஆண்டதை, குடியரசான பின்னும் நான்கு முறை இங்கே குடியரசுத் தலைவர் ஆட்சி வந்ததை எல்லாம் சொன்னேன். அந்த இடைவெளிகளை மறைத்துவிட்டால், இந்த நாற்காலி நம் ஓட்டில் நிற்பது என்பதும், அதைப் பறிக்கவும் முடியும் என்பதும் பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டார். "நீங்க சொல்றது அம்புட்டும் சரி. ஆனா சார்ட்டு வாங்குறது கடைக்காரன். அவன் மொகத்தைத்தான் எண்ணுவான்" என்றார். அதற்கு மேல் அவரை நகர்த்த முடியவில்லை. சரி, அச்சில் வராவிட்டால் மார்க்கர் பேனாவால் நானே எழுதி ஒட்டிக்கொள்கிறேன் என்று எழுந்தேன்.

அப்போதுதான், மூலையில் தாள் அடுக்கிக்கொண்டிருந்த பெண் என்னைக் கூப்பிட்டாள். பெயர் செல்வி, முப்பது வயதிருக்கும்.

"டீச்சர், ஒண்ணு கேக்கவா? புது ஆட்சி வர்ற வரைக்கும் முதலமைச்சரே கெடையாதாமே? கேக்க ஆளில்லைன்னு சொல்றாக. நெசமா?"

"யார் சொன்னது?"

"எங்க அக்கா வேலை பாக்குற கம்பெனில போர்மேன்தான் சொன்னாரு."

அவள் அக்கா முத்துமாரி, விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிக்குள் மருந்து செலுத்தும் வேலை செய்கிறவர். அந்த வேலை நடக்கும் அறையில் நான்கு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. வெடித்தால் ஓடுவதற்கு இடம் வேண்டும் என்பதற்காக வைத்த விதி. இந்த வாரம் அதில் ஆறு பேரை உட்காரச் சொல்கிறார்கள். காரணம், எண்ணிக்கை நாள். எந்தக் கட்சி ஜெயித்தாலும் வெடி வெடிப்பார்கள். அந்த எலெக்சன் லோடு அவசரமாகக் கிளம்ப வேண்டும். முத்துமாரியும் மற்றவர்களும் அன்று காலை உள்ளே போக மறுத்து வீடு திரும்பிவிட்டார்கள். மறுநாளும் மறுத்தால் வேறு ஆள் வைத்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்களாம்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. புதியவர் பதவியேற்கும் வரை பழையவரே பொறுப்பில் இருப்பார், தேர்தலில் ஆட்சி மாறும்போது நாற்காலி ஒரு நிமிடம்கூடக் காலியாக இருக்காது, அதிகாரிகளுக்குத் தேர்தல் விடுமுறை கிடையாது என்றேன். "இதை எங்க அக்காகிட்ட வந்து சொல்றீகளா?" என்றாள் செல்வி. அன்றே திரும்புவதாக இருந்தவள், தொள்ளாயிரம் ரூபாய்க்கு லாட்ஜில் அறை போட்டேன்.

சாயங்காலம் ஷேர் ஆட்டோவில் விஸ்வநத்தம் போனோம், ஆளுக்கு இருபது ரூபாய். முத்துமாரி வீட்டில் அவரோடு வேலை செய்யும் பெண்களும் இருந்தார்கள். நான் முதலமைச்சர் பதவி பற்றி அச்சகத்தில் சொன்னதையே மறுபடி சொன்னேன். முத்துமாரி முழுவதும் கேட்டார்.

"சரிங்க, டீச்சர். நாற்காலில ஆள் இருக்காக, நல்லது. ஆனா நாளைக்குக் காலைல அந்த ரூமுக்குள்ள அவுகளா உக்காரப் போறாக? நாங்கதான உக்காரணும்!" என்றார்.

போகாமல் இருந்துவிடுங்களேன் என்றேன், வேறு ஒன்றும் தோன்றாமல்.

"நாங்க போகலேன்னா வெளியூர்லருந்து ஆறு பேரைக் கொண்டாந்து உக்கார வைப்பாக. அவுகளும் பொம்பளைகதான. அதனால போகத்தான் போறோம். ஆனா நாலு பேராத்தான் போவோம். அஞ்சாவது ஆள் காலை உள்ள வச்சா, நாலு பேரும் வெளிய வந்துருவோம்."

காலை எட்டு மணிக்கு நானும் செல்வியும் கம்பெனி எதிரே டீக்கடையில் நின்றோம். வெளியாளை உள்ளே விடமாட்டார்கள், விடவும் கூடாது. செல்போனும் கொண்டுபோகக் கூடாது என்பதால் முத்துமாரி தன்னுடையதைச் செல்வியிடம் கொடுத்துவிட்டுப் போனார். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் பொட்டலில் தள்ளித் தள்ளிச் சின்ன அறைகள். முதல் வரிசை எங்களுக்கு நன்றாகத் தெரிந்தது. நான்கு பேர் ஓர் அறைக்குள் போனார்கள். இருவர் வெளியே நின்றார்கள்.

போர்மேன் வந்து அந்த இருவரையும் உள்ளே போகச் சொன்னார். அதில் ஒரு பெண் வாசல்படி ஏறினாள். உடனே உள்ளே இருந்த நான்கு பேரும் எழுந்து வெளியே வந்து வெயிலில் வரிசையாக நின்றுவிட்டார்கள். போர்மேன் கத்தினார். ஏறிய பெண் இறங்கினாள். நான்கு பேரும் மறுபடி உள்ளே போய் உட்கார்ந்தார்கள். அவர் கைகாட்ட, அவள் மறுபடி ஏறினாள். இவர்கள் மறுபடி வெளியே. சண்டை இல்லை, கோஷம் இல்லை. மூன்றாம் முறை நடந்தபோது அடுத்த அறைகளிலிருந்தும் பெண்கள் வாசலுக்கு வந்து பார்க்க ஆரம்பித்தார்கள்.

"கேக்க ஆளில்லைன்னு ஆடுறீகளோ?" என்று போர்மேன் கத்தியது எங்களுக்கே கேட்டது.

"அது நீங்க சொன்னது, அண்ணே. நாற்காலில ஆள் இருக்காகளாம். விசாரிச்சிட்டோம்" என்றார் முத்துமாரி. செல்வி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஒன்பதரை ஆகியும் அந்த அறையில் ஒரு வெடிகூட உருவாகவில்லை. லோடு போக வேண்டிய அவசரம் அவர்களுக்குத்தான். கடைசியில் போர்மேன் சாவியோடு நடந்துபோய், பூட்டிக் கிடந்த இன்னோர் அறையைத் திறந்தார். வெளியே நின்ற இருவரும் அங்கே போனார்கள். நான் டீக்கடையில் நின்றபடி சத்தமாகக் கைதட்டினேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பார்த்துக்கொள்ளட்டும்.

இந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: மே மாதம் தவிர எப்போது வேண்டுமானாலும் போங்கள், முடியாதென்றால் குடையும் இரண்டு பாட்டில் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். பட்டாசுக் கம்பெனி வேலியருகே படம் எடுக்காதீர்கள், புகைபிடிப்பவர்கள் அந்தச் சாலையில் கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள். விருதுநகரில் எண்ணெய் பரோட்டா சாப்பிடாமல் ரயில் ஏறாதீர்கள். அச்சகங்களில் கேட்டால் உள்ளே விடுவார்கள், கலரும் கிடைக்கும். எண்ணிக்கை நாளில் வெடி வாங்குகிறவர்கள், அதைச் செய்த அறையில் எத்தனை பேர் உட்கார்ந்தார்கள் என்று கடையில் கேளுங்கள். பதில் வராது. ஆனாலும் கேளுங்கள்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் முத்துமாரி வேலியருகே வந்தார். நான் ஊருக்குக் கிளம்புவதாகச் சொன்னேன். நாளை புது முதலமைச்சர் இந்தப் பக்கம் வந்தால் என்ன கேட்பீர்கள் என்று, ஒரு டீச்சர் கேட்கும் கேள்வியைக் கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "இந்தப் பக்கம் அவுக எப்ப வருவாகன்னு உங்களுக்குத் தெரியாதா, டீச்சர்? வெடிச்ச மறுநாள்தான். மாலை போட்ட படத்துக்குப் பக்கத்துல நின்னு எங்க புள்ளைக கையில நிவாரணக் கவரைக் குடுப்பாக. எவுக ஜெயிச்சாலும் நல்லா இருக்கட்டும். ஆனா அப்படி ஒருத்தரும் எங்க தெருவுக்கு வந்துறக் கூடாதுன்னுதான் நாங்க நாலு பேரா உக்காந்திருக்கோம்."