கம்பி தெரியாத படம்

எங்கள் மிருகக்காட்சிசாலையில் எல்லோரும் அவரை லென்ஸ் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். வருகிறவர்களை யானைச் சிலைக்கு முன்னால் நிறுத்திப் படமெடுத்து, கையோடு பிரிண்ட் போட்டுக் கொடுப்பது அவர் வேலை. "சிரிங்க, இன்னும் கொஞ்சம், போதும்" என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி, அவர் முகத்தில் சிரிப்பே இல்லாமல் போய்விட்டது. நான் டிக்கெட் கவுண்டர். கம்பிக்கு உள்ளே இருந்துகொண்டு, கம்பிக்கு உள்ளே இருப்பதைப் பார்க்க டிக்கெட் கிழிக்கிறவள்.

அவர் தம்பி சொந்தமாக ஸ்டுடியோ வைத்திருக்கிறார். வந்து சேர்ந்துகொள் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அண்ணிக்கும் அதே பாட்டுதான். சாப்பாடு கொண்டு வரும்போதெல்லாம் என் ஜன்னலில் நின்று புலம்புவார். "இவரைக் கொஞ்சம் கிளப்பி விடும்மா. இங்கயே வேர் விட்டுடப் போறாரு."

போகிறேன், போகிறேன் என்பார் அண்ணன். போகமாட்டார். காரணம், இங்கிருக்கும் ஒரு பெண் சிறுத்தை.

அதன் கூண்டு என் கவுண்டருக்கு நேர் எதிரே. நாலு எட்டு வைத்தால் சுவர் வந்துவிடும். அது நடக்கும், சுவரில் மூக்கு இடிக்கும் முன் தலையைச் சிலுப்பித் திரும்பும், மறுபடி நடக்கும். சிமெண்டுத் தரை அந்த ஒரு கோட்டில் மட்டும் வழவழவென்று ஆகிவிட்டது. பார்த்துக்கொண்டிருந்தால் நமக்கே தலை சுற்றும்.

கூட்டம் இல்லாத நேரத்தில் அண்ணன் அங்கே போய்க் குப்புறப் படுத்துவிடுவார். "நின்னுக்கிட்டு எடுத்தா அது பாவமாத் தெரியும்மா. அதோட கண் உயரத்துக்கு நாம இறங்கணும்" என்பார். கம்பியை ஒட்டி லென்ஸை வைத்தால் கம்பி கரைந்துபோகுமாம். பின்சுவரில் படர்ந்த கொடி இருட்டாக விழ வேண்டும். அது பார்க்கிற பக்கம் படத்தில் இடம் விட வேண்டும். கண்ணில் ஒரு பொட்டு வெளிச்சம் வரும்வரை விரல் அசையக்கூடாது. முதலில் சிறுத்தை சீறியது. பிறகு பழகிவிட்டது. அவரைக் கண்டால் நடையை நிறுத்தி, கொடிக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும்.

"அண்ணே, உங்க ஆளு உங்களைப் பார்த்தா மட்டும்தான் உக்காருது. அண்ணிகிட்ட சொல்லிடவா?" என்றேன் ஒருநாள். அன்றைக்குச் சிரித்தார்.

அப்படி எடுத்த ஒரு படம். கம்பி இல்லை, சுவர் இல்லை. நடுக்காட்டில் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தது. மேனேஜர் அதைப் பெரிதாக்கி வாசலில் மாட்டினார்.

அந்தச் சமயத்தில்தான், மரமும் ஓடையுமாக விரிந்து கிடக்கும் ஒரு திறந்தவெளிக் காப்பகத்தில் ஒரு சிறுத்தைக்கு இடம் இருப்பதாகத் தகவல் வந்தது. எந்தச் சிறுத்தை மோசமான நிலையில் இருக்கிறதோ அதற்கே இடம், படம் அனுப்புங்கள் என்று கேட்டார்கள். மேனேஜர் பெருமையாக வாசல் படத்தையே அனுப்பி வைத்தார். 'இயற்கையான சூழலில் நலமாக உள்ளது, மாற்றத் தேவையில்லை' என்று பதில் வந்துவிட்டது.

அண்ணன் என் கவுண்டர் பலகையில் கையை ஊன்றிக்கொண்டார். "என் கையாலயே அதை உள்ள வச்சுப் பூட்டிட்டேனேம்மா."

விடவில்லை மனிதர். போனில் கெஞ்சிக் கூத்தாடி, காப்பகத்து அதிகாரி ஒருவரை நேரில் வந்து பார்க்கச் சம்மதிக்க வைத்தார். சிறுத்தை அங்கே போனதும் தானும் வந்துவிடுவதாகத் தம்பிக்கு வாக்குக் கொடுத்தார். அண்ணி அன்றைக்கு என்னிடம் எதுவும் புலம்பாமல் போனார்.

அதிகாரி வந்த காலையில் சிறுத்தை என்றைக்கும் இல்லாத வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. வந்து பாரய்யா, நன்றாகப் பார் என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அண்ணனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அதிகாரிக்கு முன்னால் ஓட்டமும் நடையுமாகப் போனார். "வாங்க சார், நீங்களே பாருங்க. ஒரு நிமிஷம் நிக்காது."

அவரைப் பார்த்ததும் அது நின்றது. கொடிக்கு முன்னால் போய் உட்கார்ந்து, வெளிச்சத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அதிகாரி கொஞ்ச நேரம் பார்த்தார். "கூண்டு சின்னதுதான், ஒத்துக்கறேன். ஆனா எவ்வளவு நிம்மதியா இருக்கு பாருங்க. இருக்கறது ஒரே இடம். இதைவிடக் கஷ்டப்படற ஒண்ணுக்குத்தானே குடுக்கணும்?"

"ஐயோ சார், நான் நிக்கறதாலதான் அப்படி. நான் தள்ளிப் போறேன், அப்பப் பாருங்க!"

ஓடி வந்து என் கவுண்டருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். அது அசையாமல், அவர் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தது. இதோ வந்துவிடுவார் என்று காத்திருந்தது. எழுந்திரு சனியனே, எழுந்து தொலை என்று பல்லைக் கடித்தேன்.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். கிளம்பிவிட்டார். அவர் கார் வாசலைத் தாண்டிய பிறகு அது எழுந்து நடக்க ஆரம்பித்தது.

தம்பி இப்போதும் போன் செய்கிறார், அண்ணன் எடுப்பதில்லை. "நான் போயிட்டா அது யாரைப் பார்த்தும்மா உக்காரும்?" என்கிறார். அண்ணி என் ஜன்னலில் நிற்பதையே விட்டுவிட்டு, சாப்பாட்டை நேராகக் கூண்டுக்கே கொண்டு போகிறார். கேமரா பையிலேயே கிடக்கிறது. அண்ணன் வெளியே உட்கார்ந்திருக்கிறார், அது உள்ளே உட்கார்ந்திருக்கிறது. ஆட்கள் வந்தால் மட்டும் எழுந்து யானைச் சிலைக்குப் போய் "சிரிங்க" என்கிறார். அவர் எழுந்ததும் அதுவும் எழுந்துவிடுகிறது.